ஆறுக்கு மூன்று

பிளெக்ஸ் அளவு ஆறுக்கு மூன்று.
அதற்குள் ஒரு மலைநாடு அடங்க வேண்டும்,
என் வேனும், என் செல்போன் எண்ணும்.
மயிலாடுதுறை, பட்டமங்கலத் தெரு, மாடியறை.
"தலைப்பு என்ன போடட்டும் ஜபருல்லாண்ணே?"
கிறிஸ்டில்டா மவுஸை உருட்டுகிறாள்.

'குடகு: நான்கு இரவு, மூன்று பகல்.
மன்னர் ஆண்ட மலைக்கு மன்னர்போல் செல்வோம்.'
சொல்லும்போதே தெரியும்,
பதினேழு சீட்டில் கால் நீட்ட முடியாது.

ராஜா சீட்டைப் பெரிதாகப் போடச் சொன்னேன்.
சாயங்காலமானால் அரசர்கள் அங்கே உட்கார்ந்து
சூரியன் பள்ளத்தாக்கில் இறங்குவதைப் பார்ப்பார்களாம்.
முதல் தடவை ஆட்களை இறக்கிவிட்டு
பீடி பற்றவைத்தபோதுதான் எனக்கு உறைத்தது:
அவர்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஆறு முதுகுப்பக்கமாக எழுந்து
நம்மூருக்குக் கிளம்பிவிட்டது.
இதை பிளெக்ஸில் போட முடியாது.

அடுத்து அரச சமாதிகள்.
குவிமாடத்தைப் பார்த்ததும்
கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினேன்,
நீடூர்க்காரன் வேறென்ன நினைப்பான்?
உள்ளே லிங்கம்.
அங்கிருந்த ஐயர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஈரமாக இருந்தது.

கோட்டைக்குள் சாந்தில் செய்த இரண்டு யானைகள்.
காலைச் சலாம் ஒருநாள் தவறியதற்காக
உயிருள்ள இரண்டையும் கொன்றுவிட்டு
பிறகு மனசு கேட்காமல் கட்டிவைத்தார் ஒரு ராஜா,
அப்படித்தான் வாசலில் டீ விற்பவர் சொன்னார்.
"குழந்தைங்களுக்குப் பிடிக்கும்ண்ணே."
கொன்றதை அழித்துவிட்டு
யானையை வைத்துக்கொண்டாள் கிறிஸ்டில்டா.

அப்போதுதான் படியேறி வந்தார்
தலைச்சங்காட்டுக் குஞ்சிதபாதம்.
நாலாய் மடித்த முன்பணம்.
கடைமடை ஆள். இந்த ஆடிப்பெருக்குக்கு
பம்ப்செட் தொட்டியில் காதோலை கருகமணி விட்ட ஊர்.
அவருக்குக் குடகு என்பது ஓர் எண்.
மடிக்கேரி இவ்வளவு, பாகமண்டலா இவ்வளவு மில்லிமீட்டர்,
காலண்டர் தாளின் பின்னால் தினமும் குறிப்பார்,
வரவேண்டிய கடனை எழுதுவதுபோல.

"அந்த ராஜாங்க எல்லாம் என்ன ஆனாங்க?"
"ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தி நாலுல
வெள்ளைக்காரன் நாட்டைப் புடிச்சிட்டான்.
கடைசி ராஜாவைக் காசிக்கு அனுப்பிட்டான்."
"அவ்வளவு தூரம் எதுக்கு?
ஆத்தோட விட்டிருந்தா இங்க வந்து சேர்ந்திருப்பாரே.
மாயூரமும் காசிக்குச் சமம்தானய்யா."
சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.
"போறப்ப,
தண்ணிக்கு யாரு பொறுப்புன்னு சொல்லிட்டுப் போனாரா?"

மவுஸ் நின்றது.
எனக்குத் தெரிந்தது லாட்ஜ் வாடகையும்
வளைவுகளும்தான்.
தண்ணீர் வந்தால் எல்லோரும் வயலில் இருப்பார்கள்,
வராவிட்டால் எவர் கையிலும் காசிருக்காது.
இரண்டுக்கும் நடுவே எங்கேயோ என் சீசன்.

"எப்பக் கிளம்புறோம்?"
"புரட்டாசி கடைசி. ஐப்பசி ஒண்ணாந்தேதி
தலைக்காவேரி ஊத்துல பொங்கும்."
"நமக்கு?"
"ஐப்பசி முடியுறப்ப கடைமுகம். உங்களுக்குத் தெரியாததா?"
"அதுக்கும் மறுநாள் ஒண்ணு இருக்கு" என்றார்.
முடவன் முழுக்கு.
நடந்து வந்து சேர முடியாதவனுக்காக
ஒருநாள் கூடுதலாய்க் காத்திருந்த ஆறு.
"தலைச்சங்காட்டுக்கு என்னைக்கும் அந்தக் கணக்குதான்."

கிறிஸ்டில்டா எதுவும் பேசாமல்
மலைப்படத்தின் அடியிலிருந்து
நீலத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.
கிருஷ்ணராஜ சாகர். மேட்டூர். முக்கொம்பு.
கல்லணைக்கு வந்ததும் ஓரம் தட்டியது.
"ஆறு பத்தலைண்ணே.
எட்டடி ஆக்கினா கடல் வரைக்கும் போகும்.
நூத்தியம்பது கூட ஆகும்."

நான் விளக்கைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன்.
குஞ்சிதபாதம்
சட்டைப்பைக்குள் கையை விட்டார்.